கணினிக்குள் ஒரு கணினி – மெய்நிகர் இயந்திரத்தின் வரலாறு

"என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது?" மென்பொருள் எழுதுகிற எல்லா இடங்களிலும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி எழும். நிரல் ஒன்றுதான். ஆனால் இயங்குதளத்தின் பதிப்போ, கம்பைலரோ, ஏதாவது ஒரு லைப்ரரியோ மாறியிருந்தால் அதே நிரல் இன்னொரு கணினியில் படுத்துவிடுகிறது. இதற்கு ஒரு தீர்வு, தேவையானவை எல்லாம் நிறுவப்பட்ட ஒரு முழுக் கணினியையே கோப்பாக்கி எல்லோருக்கும் கொடுத்துவிடுவது! இதைத்தான் மெய்நிகர் இயந்திரப் படிமம் என்கிறோம். கேட்கப் புதிதாகத் தெரிந்தாலும் இந்த எண்ணத்தின் வேர் 1960களில் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் தொடக்கம்

அந்நாளில் நிரலைத் துளை அட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்பதை 1961ல் எம்ஐடியில் கொர்பாட்டோ குழுவினர் சிடிஎஸ்எஸ் மூலம் காட்டினார்கள். 1964ல் ஐபிஎம் தன் புகழ்பெற்ற சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. ஆனால் நேரப் பகிர்வுக்குத் தேவையான முகவரி மாற்றும் வசதி அதில் இல்லை. எம்ஐடி தன் அடுத்த திட்டத்துக்கு ஜெனரல் எலக்ட்ரிக் கணினியைத் தேர்ந்தெடுத்தது. ஐபிஎம்முக்கு இது பெரிய அடி.

அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் தொடங்கிய சிறிய ஆய்வு மையத்தில், சிடிஎஸ்எஸ்ஸில் வேலை செய்த அனுபவம் உள்ள ராபர்ட் கிரீஸி ஒரு குழுவை நடத்தினார். எல்லாவற்றையும் செய்கிற ஒரு பிரம்மாண்ட இயங்குதளத்தை எழுதாமல், வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். கீழே இருக்கும் சிபி என்ற நிரல், ஒவ்வொருவருக்கும் ஒரு முழு 360 கணினி தனியாக இருப்பதுபோல் காட்டும். அதன்மேல் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் எளிய இயங்குதளமான சிஎம்எஸ் ஓடும். சிறப்பு வன்பொருள் சேர்த்த மாடல் 40 கணினியில் உருவான இந்த சிபி-40, 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினி 14 கணினிகளாகத் தெரிந்தது! ஒருவரின் நிரல் சிதைந்தால் அவருடைய இயந்திரம் மட்டுமே நின்றது. மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது.

ஐபிஎம் அதிகாரப்பூர்வமாக நம்பியது டிஎஸ்எஸ்/360 என்ற பெரிய இயங்குதளத்தைத்தான். அது வெற்றி பெறவில்லை. சிறிய குழுவின் சிபி-67 வாடிக்கையாளர்களிடம் பரவியது. சிஸ்டம்/370இன் புதிய வன்பொருள் கைக்கு வரும் முன்பே, அதைப்போல நடிக்கும்படி சிபி-67ஐ மாற்றி அதன்மேல் மென்பொருளைச் சோதித்தார்கள். இல்லாத கணினிக்கு மென்பொருள் எழுத முடிந்தது! 1972 ஆகஸ்டில் விஎம்/370 முறையான தயாரிப்பாக அறிவிக்கப்பட்டது.

தனிநபர் கணினியின் தடை

1974ல் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் எந்த வகைக் கணினியை இப்படி மெய்நிகராக்கலாம் என்பதற்கு விதிகளை வகுத்தார்கள். கணினியின் நிலையைத் தொடும் எந்தக் கட்டளையும், சாதாரண நிரல் அதை இயக்கினால் மேற்பார்வை நிரலிடம் மாட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இன்டெல் பென்டியத்தில் 17 கட்டளைகள் இந்த விதியை மீறின. எடுத்துக்காட்டாக, பாப்எஃப் கட்டளை குறுக்கீட்டை நிறுத்த முயன்றால், பிழை காட்டாமல் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மேற்பார்வை நிரலுக்குச் செய்தியே போகாது.

ஸ்டான்ஃபோர்டில் 1997ல் டிஸ்கோ என்ற ஆய்வை வெளியிட்ட மெண்டல் ரோசன்ப்ளம் குழுவினர், 1998ல் டயான் கிரீனுடன் சேர்ந்து விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றுவது அவர்களின் வழி. 1999ல் முதல் தயாரிப்பு வந்தது. வன்பொருளிலேயே இதற்கான வசதியை இன்டெல் 2005லும் ஏஎம்டி 2006லும் சேர்த்தன. 2007ல் விர்ச்சுவல்பாக்ஸ் திறமூலமாக வெளிவந்ததும், மாணவர்களுக்கும் இது காசில்லாமல் கிடைத்தது.

கோப்பாக மாறிய கணினி

வன்தட்டு முழுவதும் ஒரே கோப்பு என்றால் அதை நகலெடுக்கலாம், அனுப்பலாம், கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஒரு சிக்கல். கையால் ஒவ்வொன்றாக நிறுவிச் செய்த படிமத்துக்குள் என்ன இருக்கிறது என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் போய்விட்டால் அது திறக்க முடியாத பெட்டிதான். பாதுகாப்புத் திருத்தங்களும் செய்த தேதியோடு நின்றுவிடும்.

2010ல் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட வேக்ரன்ட் இதை மாற்றியது. எந்த அடிப்படைப் படிமம், எவ்வளவு நினைவகம், என்னென்ன நிறுவ வேண்டும் என்பதெல்லாம் ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதப்பட்டன. படிமத்தையே இப்படி எழுத்திலிருந்து உருவாக்கும் பேக்கர் 2013ல் வந்தது. படிமம் தொலைந்தாலும் செய்முறை இருந்தால் போதும். அதே ஆண்டு வந்த டாக்கர் இன்னும் இலகுவானது. அதன் கொள்கலன்கள் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனாலும் மேக் கணினியில் லினக்ஸ் கொள்கலனை ஓட்ட, அடியில் ஒரு மெய்நிகர் இயந்திரம் தேவைப்படுகிறது.

ஒரு அறையையே அடைத்துக்கொண்ட கணினிகளுக்காக எழுதப்பட்ட விஎம்/370, இன்று ஹெர்குலிஸ் என்ற போலிமை மென்பொருளின் உதவியால் சாதாரண மடிக்கணினியில் ஓடுகிறது. அந்த இரும்புப் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எழுத்தில் இருந்த கணினி மட்டும் பிழைத்துக்கொண்டது.