பல்லிலிருந்து மூச்சுக்குழல் வரை

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் எத்தனையோ மரண அறிவித்தல்கள் என் மேசையைக் கடந்து சென்றன. பல் நோயால் இறந்தார் என்று எழுதியதை நான் கண்டதில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் லண்டன் நகரம் வாரந்தோறும் வெளியிட்ட மரணப் பட்டியல்களில் 'பற்கள்' என்பது தனியொரு காரணமாகவே இடம்பெற்றது. பல் முளைக்கும் பருவத்துச் சிசுக்களின் மரணங்களும் அந்தக் கணக்கில் அடங்கும். எனினும் பல் ஆளைக் கொல்லும் என்பதை அக்காலத்தவர் அறிந்தே இருந்தனர்.

1836இல் ஜெர்மனியின் வூர்ட்டெம்பர்க் அரச வைத்தியர் ஃபிரெடெரிக் வான் லுட்விக், கழுத்து மரம்போல் இறுகி, நாக்கு மேலெழுந்து, சில நாட்களில் உயிர் பிரியும் ஒரு நோயை விவரித்தார். அது இன்றும் 'லுட்விக் அஞ்சைனா' என்றே அழைக்கப்படுகிறது. அஞ்சைனா என்ற இலத்தீன் சொல்லின் வேர் நெரித்தலைக் குறிக்கும். இங்கே நெரிபடுவது நெஞ்சன்று, தொண்டை.

பெரும்பாலும் இதன் தொடக்கம் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களே. அவற்றின் வேர்முனைகள் வாயின் அடித்தளத் தசைக்குக் கீழே இறங்கி நிற்பதால், அங்கு பிடித்த கிருமி நேரே தாடைக்கு அடியில் பரவுகிறது. வீக்கம் இரு பக்கமும் சூழ்ந்தால் நாக்கு மேலும் பின்னுமாகத் தள்ளப்பட்டு மூச்சுவழி அடைபடும். சீழ் நெஞ்சுக்குள் இறங்குவதும், இரத்தத்தில் நஞ்சேறுவதும் அடுத்த ஆபத்துகள்.

பென்சிலினுக்கு முந்திய காலத்தில் இந்நோய் கண்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறந்தனர். மருந்து மட்டும் அந்நிலையை மாற்றிவிடவில்லை. 1952இல் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் நோயாளரின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செலுத்தினார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே காற்றூட்டினர். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு அந்த அனுபவத்திலிருந்து உருவானது. இன்று லுட்விக் நோயாளி பிழைப்பது அதன் பயனாலுமே.

கல்முனைக் கரைக்கு வருவோம். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நெருங்கிய ஊர்கள். மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவதை நபிவழியாகப் போற்றும் சமூகம். அதே வீடுகளில் வெற்றிலைத் தட்டமும் உண்டு, நீரிழிவும் உண்டு. கட்டுப்பாடற்ற நீரிழிவு இந்நோயை மூர்க்கமாக்கும். பல் வலித்தால் கராம்பு எண்ணெய், பிறகு மருந்துக்கடை மாத்திரை. வலி அடங்கும், கிருமி அடங்காது.

கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒன்று, 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் பெயரைத் தாங்கியது. மற்றது கல்முனை வடக்கில் உள்ளது. அரச வைத்தியசாலையில் பல் பிடுங்கக் கட்டணமில்லை. மட்டக்களப்பின் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில். சாதாரண நோயாளிக்கு அது சிறிய தூரம். மூச்சு அடைபடுபவருக்கு அன்று. இத்தகையவரைப் படுக்கவைத்து ஏற்றிச் செல்வதே உயிராபத்து. உட்கார்ந்த நிலையில், தேவையெனில் மூச்சுவழியைக் குழாயால் காத்த பின்னரே பயணம் தொடங்க வேண்டும்.

வாய் திறக்க இயலாமை, எச்சில் விழுங்க இயலாமை, குரல் மாற்றம், தாடைக்கடியில் கடின வீக்கம், காய்ச்சல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருத்தல் தகாது. இலவச அம்புலன்ஸ் சேவையான 1990ஐ அழையுங்கள். இறப்புக்குக் காரணமாகப் பல் எழுதப்படுவது அரிது. சான்றிதழில் மூச்சடைப்பு என்றோ கிருமித் தாக்கம் என்றோ இருக்கும். பல் மறைந்துவிடும். அந்த மறைவினால்தான் சூத்தைப்பல்லை நாம் இன்னும் சிறிய காரியமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.