கருத்துணர்தலுக்கு இரண்டரைப் புள்ளி

1973 ஜூலையில் சீனாவின் ஹெனான் மாகாணத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆங்கிலத் தேர்வு நடந்தது. ஒரு மாணவி கேள்விகளை விட்டுவிட்டு, தாளின் பின்பக்கத்தில் சில வரிகளை எழுதி வைத்தாள். சீனப் பெண்ணான எனக்கு அந்நிய மொழி எதற்கு, ஏபிசி தெரியாமலே புரட்சிக்கு வாரிசாக முடியும் என்கிற மாதிரியான வரிகள். வகுப்பாசிரியர் கண்டித்தார். தவற்றை ஒப்புக்கொண்டு எழுதித் தரச் சொன்னார். அவள் நீர்த்தேக்கத்தில் விழுந்து உயிரை விட்டாள். அடுத்த ஆண்டு மாவோவின் மனைவி சியாங் சிங்கின் அணி அந்த மரணத்தைத் தன் அரசியலுக்கு எடுத்துக்கொண்டது. தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் சிறைக்குப் போனார்கள். கலாசாரப் புரட்சி முடிந்த பிறகுதான் அவர்கள் மீதான பழி நீங்கியது.

இது நடந்து சரியாகப் பத்து ஆண்டுகளில், 1983இல், சீனப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் முழுப் புள்ளிக்கு வந்துவிட்டது. ஒரு நாடு பத்தே ஆண்டுகளில் இப்படித் தலைகீழாகத் திரும்பியது எப்படி என்ற கேள்விதான் என்னை இதைத் தேடிப் படிக்க வைத்தது.

அந்த நுழைவுத் தேர்வின் பெயர் காவ்காவ். நம்மூர் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். 1952இல் தொடங்கியது. அப்போது சோவியத் உறவு நெருக்கமாக இருந்ததால் பள்ளிகளில் ரஷ்ய மொழிக்குத்தான் மவுசு. ஆங்கில ஆசிரியர்கள் பலர் அவசர அவசரமாக ரஷ்ய மொழி கற்று அதையே கற்பித்தார்கள். மாஸ்கோவோடு உறவு கசந்த பிறகு ஆங்கிலம் மெல்லத் திரும்பியது. 1966இல் கலாசாரப் புரட்சி வந்து தேர்வையே நிறுத்திவிட்டது.

1977இல் டெங் சியாவ்பிங் தேர்வை மீட்டார். அந்த டிசம்பரில் 57 லட்சம் பேர் எழுதினார்கள், இடம் கிடைத்தது ஏறக்குறைய 2,70,000 பேருக்கு. பத்து ஆண்டுகளாகத் தேங்கிப்போன தலைமுறை அது. வயலிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் வந்தவர்கள், அண்ணனும் தம்பியும் ஒரே தேர்வில் உட்கார்ந்தவர்கள். அவர்களிடம் ஆங்கிலம் கேட்பது நியாயமில்லை என்று அரசுக்கும் தெரிந்திருந்தது. அதனால் மொழித்துறைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தாள். 1978இல் எல்லாருக்கும் வைத்தார்கள், ஆனால் புள்ளியைக் கூட்டவில்லை, பார்வைக்கு மட்டும். 1979இல் முதன்மைப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் பத்து விழுக்காடு. பிறகு 1980இல் 30, 1981இல் 50, 1982இல் 70, 1983இல் 100. படிக்கட்டு மாதிரி ஏறுகிற இந்த எண்களை நான் ரசித்துப் படித்தேன். ஆசிரியர் இல்லாத, நூல் இல்லாத ஒரு நாட்டில் ஒரு பாடத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று யாரோ உட்கார்ந்து பொறுமையாக யோசித்திருக்கிறார்கள்.

அடுத்தது 1985. குவாங்சோ அயல்மொழிக் கழகத்தில் குய் ஷிச்சுன், லீ சியாவ்ஜூ என்ற இரண்டு பேராசிரியர்கள். அதுவரை ஆங்கிலத் தாள் என்றால் இலக்கணமும் மொழிபெயர்ப்பும்தான். மாணவன் விதிகளை ஒப்பிப்பான், ஒரு பத்தி படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. தேர்வை மாற்றினால் வகுப்பறை மாறும் என்பது இவர்களுடைய கணக்கு. பாடநூலையோ ஆசிரியரையோ மாற்றப் பல ஆண்டுகள் ஆகும். தேர்வுத் தாளை ஒரே ஆண்டில் மாற்றலாம். ஆகவே குவாங்டோங் மாகாணத்தில் புதிய வகைத் தாளைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். நான்கு தெரிவுகள் கொண்ட புறவயக் கேள்விகள், பயன்பாட்டு மொழிக்கு முக்கியத்துவம், நடுநாயகமாகக் கருத்துணர்தல். சில ஆண்டுகளில் நாடு முழுக்க அந்த வகைதான்.

இங்கே பொறியாளனாக ஒன்று சொல்லணும். தொழிற்சாலையில் ஓர் அளவுக்கருவி வாங்கினால் நாங்கள் முதலில் பார்ப்பது, ஒரே பொருளைப் பத்து பேர் அளந்தாலும் ஒரே எண் வருதா என்றுதான். புறவயக் கேள்வி அதில் கெட்டி. யார் திருத்தினாலும், இயந்திரமே திருத்தினாலும் புள்ளி மாறாது. ஊழலுக்கும் ஆள் பார்த்துப் புள்ளி போடுவதற்கும் பயந்த சமூகத்தில் அது சின்ன விஷயமில்லை. வானொலியே இல்லாத மலைக்கிராமத்துப் பையனும் ஒரு தாளை வாசிக்க முடியும். பேச்சுத் தேர்வை லட்சக்கணக்கானோருக்கு எப்படி வைப்பது? ஆகவே வாசிப்புதான் மிஞ்சியது. ஆனால் அந்தக் கருவி அளக்க வேண்டியதைத்தான் அளக்குதா என்பது இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் அவ்வளவு நல்லா வரலை.

இன்றைய தாளைப் பாருங்கள். மொத்தம் 750 புள்ளியில் ஆங்கிலத்துக்கு 150, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதில் வாசிப்புக்கு 50. நான்கு பனுவல்கள், பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரைப் புள்ளி. பிறகு ஏழு வாக்கியத்தில் ஐந்தைத் தேர்ந்து வெற்றிடத்தில் பொருத்தும் பகுதி. நம் புதிய எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளிலும் இந்த மாதிரி ஒன்று உண்டு. முதல் பனுவல் பெரும்பாலும் விளம்பரம், சுற்றுலாத் தகவல் என்று எளிதாக இருக்கும். நான்காவதுதான் கழுத்தைப் பிடிக்கும், அறிவியல் அல்லது சமூகவியல் கட்டுரை.

கடைசி ஆண்டு மாணவர்கள் இதற்குப் பயிற்சி எடுக்கும் விதம் ஒரு தொழில்நுட்பமாகவே வளர்ந்திருக்கு. கேள்விகளை நான்கு இனமாகப் பிரிக்கிறார்கள்: விவரம், ஊகம், சொற்பொருள், மையக்கருத்து. முதலில் கேள்வியைப் படி, பிறகு பனுவலில் அதே சொல்லைத் தேடு. 'எப்போதும்', 'மட்டும்' என்று அடித்துச் சொல்கிற தெரிவைச் சந்தேகப்படு. தவறான தெரிவுகளுக்கும் வகைபிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: கருத்தை மாற்றிவைத்தது, ஒரு பகுதியை முழுமையாகக் காட்டியது, இல்லாததை உண்டாக்கியது. 'ஐந்தாண்டுத் தேர்வு, மூன்றாண்டு மாதிரி' என்ற பயிற்சி நூல் வரிசையைக் கேட்டாலே அங்குள்ள இளைஞர்கள் பெருமூச்சு விடுவார்கள். இவ்வளவையும் படித்தபோது எனக்குப் படிவம் ஐந்து டியூஷன் வகுப்புதான் ஞாபகம் வந்தது. தமிழ்த் தாளின் கருத்துணர்தலுக்கும் நமக்கு 'வினாச்சொல்லைப் பார், அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுது' என்றுதானே சொல்லித் தந்தார்கள்.

குவாங்சோ பேராசிரியர்களின் கணக்கு எங்கே பிசகியது? 2000களில் ச்சி லூஷியா என்ற ஆய்வாளர் தேர்வு வடிவமைத்தவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசி, வகுப்பறையிலும் உட்கார்ந்து பார்த்தார். தேர்வு வகுப்பறையை மாற்றியிருந்தது, ஆனால் நினைத்த திசையில் இல்லை. மொழியைப் பயன்படுத்தக் கற்றுத்தருவதை விட்டுவிட்டு, ஆசிரியர்கள் தேர்வில் வரும் கேள்வி வடிவத்தையே கற்றுத் தந்தார்கள். வாழ்க்கையையே தீர்மானிக்கிற புள்ளி அது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 'ஊமை ஆங்கிலம்' என்று சீனர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த ஒரு சீனப் பொறியாளரிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். நாற்பது பக்கக் கையேட்டில் எந்தத் தகவல் எந்தப் பக்கம் என்று என்னைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார். மதியம் சாப்பிடப் போகலாமா என்று கேட்க மட்டும் கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறப்பார்.

அதற்காக ஆங்கிலத்தைத் தூக்கிவிடணும் என்கிற கட்சியில் நான் இல்லை. 2013இல் பெய்ஜிங் நகரம் ஆங்கிலத்தின் புள்ளியை 150இலிருந்து 100ஆகக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது. பெரிய வாக்குவாதம், கடைசியில் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காசுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் ஆங்கிலம் படிக்கும். கிராமத்துப் பிள்ளைக்குத் தேர்வில் வந்தால்தான் பள்ளி அதைச் சொல்லித்தரும். ஹெனான் மாணவிக்கு அந்நிய மொழி எதற்கு என்று தோன்றியது. இன்று அவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது மலை ஏறும் கயிறு. அறுத்துவிடுவது சுலபம்.

அந்த இரண்டரைப் புள்ளியின் எடை என்னவென்று 2018இல் செஜியாங் மாகாணம் காட்டியது. அங்கே ஆங்கிலத்தை இரண்டு முறை எழுதி நல்ல புள்ளியை வைத்துக்கொள்ளலாம். அந்த நவம்பர் தாள் கடினமாக இருந்தது என்று சொல்லி, வாசிப்பிலும் எழுத்திலும் சில கேள்விகளுக்கு அதிகாரிகள் யாருக்கும் சொல்லாமல் எடை கூட்டினார்கள். எதிர்பாராத புள்ளிகள் வந்ததும் பெற்றோர் கொதித்துவிட்டார்கள். டிசம்பர் 5ஆம் தேதி மாகாண அரசு விசாரணை முடிவை அறிவித்தது. முடிவு தவறு, பழைய புள்ளியே செல்லும். கல்வித்துறைத் தலைவர் பதவி இழந்தார்.

அதே செஜியாங்கில்தான் 2016 அக்டோபரில் இன்னொரு சோதனையும் தொடங்கியிருந்தது. இப்போது பல மாகாணங்களில் அது இருக்கு. முந்நூற்றைம்பது சொல் அளவில் பாதியில் நிற்கும் ஒரு கதையைக் கொடுப்பார்கள். அதை வாசித்து 150 சொல்லில் தொடர்ந்து எழுதணும், 25 புள்ளி. இந்த யோசனையை முன்வைத்தவர் வாங் சூமிங், குவாங்டோங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1985இன் அந்தக் கழகம் வளர்ந்து மாறிய பல்கலைக்கழகம்தான் இது. முப்பது ஆண்டுக்குப் பிறகு அதே இடத்திலிருந்து இரண்டாவது முயற்சி. இந்த முறை நான்கு தெரிவு இல்லை. கதையின் மனிதர்களைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த வரி எழுத முடியாது.

பயிற்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அழுகைக்கு இருபது வாக்கியம், அந்தி வெயிலுக்குப் பத்து, நன்றியோடு கட்டிப்பிடிக்க ஐந்து என்று மனப்பாடப் பட்டியல்கள் வந்துவிட்டன. எந்தக் கதை வந்தாலும் கடைசிப் பத்தியில் கதாநாயகன் கண்கலங்கிச் சூரியனைப் பார்க்கிறான். எழுத்தும் அச்சு மாதிரி உருண்டையாக இருக்கணும். ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் பள்ளியின் பெயரிலேயே ஒரு கையெழுத்துப் பாணி உண்டு, அதற்குத் தனிப் பயிற்சி ஏடுகள் விற்கின்றன. 2024இல் காவ்காவுக்குப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அத்தனை தாள்களுக்கு நடுவில், மனப்பாட வாக்கியத்தை ஓரமாக வைத்துவிட்டு, கதையில் வருகிறவனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று நிஜமாகவே யோசித்த ஒரு பிள்ளையின் 150 சொற்களும் எங்கோ இருக்கும். அதைத் திருத்துகிறவருக்கு ஒரு தாளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும்.