ஜோடி டயருக்கு நடுவே

மதுரை-திண்டுக்கல் ரோட்டில் பரவையைத் தாண்டும் லாரிகளை நம்பித்தான் அப்பா பஞ்சர் கடை போட்டார். மீனாட்சி மில்லுக்குப் பஞ்சு ஏற்றி வரும் வண்டிகளின் டயரில் விரல் வைத்து எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்: எட்டேகால் இருபது, ஒம்பது இருபது, பத்து இருபது. முன்னது டயரின் அகலம், பின்னது அது உட்காரும் சக்கர வளையமான டிஸ்க்கின் விட்டம், இரண்டும் அங்குலம். பக்கத்தில் 16 பிஆர் என்று இருக்கும். பருத்தித் துணியை அடுக்கி டயர் செய்த காலத்தில் அது அடுக்குகளின் எண்ணிக்கை. நைலான் வந்ததும் அத்தனை அடுக்கு தேவைப்படவில்லை. எண் மட்டும் வலுவைக் குறிக்கத் தங்கிவிட்டது.

மதுரைக்காரர்களுக்கு டயரின் அருமை முன்பே தெரியும். டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட தொடக்க காலத்தில், மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தினவாம். காந்தம் கட்டிய வண்டியை விட்டுச் சாலையிலிருந்து அவற்றைப் பொறுக்கினார்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். 1942-ல் மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பருக்குப் பஞ்சம் வந்தது. தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போடும் ரீட்ரெடிங்கை அவருடைய டிவிஎஸ் குழுமம் இங்கே கையில் எடுத்தது அந்தப் போர்க்காலத்தில்தான். சென்னையில் பலூன் செய்துகொண்டிருந்த எம்ஆர்எஃப்கூட 1952-ல் முதலில் செய்தது ரீட்ரெடிங் ரப்பர். முழு டயர் பிறகுதான். இருக்கிற டயரை இழுத்துப்பிடித்து ஓட்டுவதே அன்றைய புத்தி.

பாரம் ஏற ஏற, பெரிய டயர் கேட்டு வர ஆரம்பித்தார்கள். "ஒம்பதைக் கழட்டிட்டுப் பத்து போடுண்ணே, இன்னும் நாலு மூட்டை தாங்கும்ல?" டிஸ்க் இரண்டும் இருபது என்பதால் பார்வைக்கு உட்கார்ந்துவிடும். அப்பா ஒரு வண்டிக்கு அப்படி மாட்டிக்கொடுத்தார். வெங்காயம் ஏற்றிப்போன வண்டி வாடிப்பட்டி தாண்டி நின்றது. பின்பக்க ஜோடியில் உள்டயர் வெடித்திருந்தது. கழற்றிப் பார்த்தால் அதுவும் வெளிடயரும் உரசி, பக்கச்சுவர் வளையம் போட்டாற்போல் கருகியிருந்தது.

கணக்கு எளியது. பத்து, ஒன்பதைவிட ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். ஒன்பதுக்கு அளந்த டிஸ்க்கில் ஜோடியாக மாட்டினால், அந்த 2 செ.மீ. நடு இடைவெளியிலிருந்து போகும். பாரத்தில் டயர் பிதுங்கும்போது மிச்சமும் மூடிக்கொள்ளும். ஜோடியை இன்னும் தள்ளி நிறுத்தும் டிஸ்க் போட்டால்தான் அது தீரும். உயரமும் 3 செ.மீ.க்கு மேல் கூடுவதால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-ல் ஓடும். மேட்டில் இழுவை குறையும். ஆக்ஸிலும் ஸ்பிரிங் பட்டையும் பழையவை. டயர் பெரிதானதால் அவை கூடுதலாக ஒரு மூட்டை சுமக்கப்போவதில்லை.

2018-ல் அரசே இரண்டு ஆக்ஸில் லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. டயரும் மாறி, இப்போது ட்யூப்லெஸ் ரேடியல்: 295/80ஆர்22.5. இருபத்திரண்டரை என்றதும் பெரிய டயர் என்று நினைத்து வருகிறார்கள். டிஸ்க்தான் பெரிது, பக்கச்சுவர் குட்டை. நிறுத்திவைத்தால் பழைய பத்து இருபதை ஒட்டிய உயரம்தான்.

கடை இப்போது என் கையில். யார் பெரிய டயர் கேட்டாலும் முதலில் பின்சக்கரத்தருகே குனிந்து, ஜோடிக்கு நடுவே விரல்களை நுழைத்துப் பார்க்கிறேன். அதுவும் பாரம் ஏற்றிய வண்டியில்.