ஆன்மா திரும்பும் ஆறு

இமயமலைச் சாரலில் வாழும் சிறு பழங்குடிகளைப் பற்றிய எழுத்துகள் பல, அவர்களது உடையையும் ஆடலையும் வியப்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு மரபின் வலிமையை அறிய வேண்டுமாயின், அது அரசோடும் இயந்திரத்தோடும் மோதிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சிக்கிமின் லெப்சா மக்கள் இதற்குத் தக்க சான்று.

இவர்கள் தம்மை 'ரோங்' என்றே அழைப்பர். தமக்கெனத் தனி எழுத்தும் உடையவர்கள். முதல் ஆணும் பெண்ணும் கஞ்சன்ஜங்கா மலையின் தூய பனியிலிருந்து படைக்கப்பட்டனர் என்பது இவர்களது தொன்மம். ஒவ்வொரு குலத்துக்கும் உரிய மலைமுடி, ஏரி, குகை எனத் தனித்தனியே உண்டு. பௌத்தம் பரவிய பின்னரும் 'முன்', 'போங்திங்' எனப்படும் பழைய பூசகர்கள் மறையவில்லை. ஒரே வீட்டுக்கு லாமாவும் வருவார், முன்னும் வருவார்.

1937இல் லிங்தெம் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த ஜெப்ரி கோரர், தந்தை வழியில் ஒன்பது தலைமுறையும் தாய் வழியில் நான்கு தலைமுறையும் விலக்கியே இவர்கள் மணம் பேசுவதைப் பதிவு செய்தார். அந்த மண வீடுகளில் இரு ஆறுகளின் காதற்கதை பாடப்படும். தீஸ்தா என்னும் பெண் பாம்பின் வழிகாட்டலிலும், ரங்கீத் என்னும் ஆண் பறவையின் வழிகாட்டலிலும் புறப்படுகின்றனர். பறவை வழிமாறித் திரிந்ததால் ரங்கீத் பிந்திவிடுகிறான். காதலி முந்திவிட்டதைக் கண்டு அவன் சினந்து பின்வாங்க, வெள்ளம் பெருக்கெடுக்கிறது. அவள் தேற்றிய பின்னரே இருவரும் கலக்கின்றனர்.

பிறப்பும் மணமும் போலவே இறப்பும் இந்நிலத்தோடு பிணைந்தது. இறந்தோரின் ஆன்மா ரோங்யோங் ஆற்றின் வழியே கஞ்சன்ஜங்காவின் மடிக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை. அந்த ஆறு பாயும் சொங்கு பகுதி லெப்சாக்களுக்கென ஒதுக்கப்பட்டது. பிறர் அங்கு நிலம் வாங்க இயலாது.

1955இல் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறிய பிரித்தானியரான ஜோ பிரவுனும் ஜோர்ஜ் பாண்டும், சிக்கிம் மன்னருக்கு அளித்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுகொண்டனர். பின்னர் வந்த நீர்மின் திட்டங்களோ அத்தகைய வரம்பு எதையும் அறியவில்லை. 2007 ஜூனில் லெப்சா இளைஞர்கள் காங்டொக்கில் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினர். 2008இல் சொங்குவுக்கான நான்கு திட்டங்கள் கைவிடப்பட்டன.

எனினும் சொங்குவுக்கு அயலே, சுங்தாங்கில் 1200 மெகாவோட் திறனுள்ள தீஸ்தா-3 அணை எழுந்தது. 2023 ஒக்டோபர் 4ஆம் திகதி அதிகாலை, தெற்கு லொனாக் பனியேரி உடைந்து பாய்ந்த வெள்ளம் அவ்வணையை அடித்துச் சென்றது. பலர் மாண்டனர். பாலங்களும் வீடுகளும் அழிந்தன.

ஆறு பழிவாங்கியது என்று நான் எழுதமாட்டேன். ஏரி உடைந்ததற்கு விஞ்ஞானம் வேறு காரணம் கூறும். ஆயினும் நீண்ட காலம் செய்தி எழுதிய எனக்கு ஒன்று தெரிகிறது. திட்ட அறிக்கைகளில் மெகாவோட்டுக்கு ஒரு பத்தி இருக்கும். செலவுக்கு ஒரு பத்தி இருக்கும். ஆன்மா நடக்கும் வழிக்குப் பத்தி இராது. ஆற்றைத் தம் மூதாதையர் செல்லும் பாதையாகக் கொண்ட ஒரு சிறு கூட்டம், அதைத் தடுத்தல் ஆகாது என்று சொன்னது. அதை மூடநம்பிக்கை என ஒதுக்கியவர்கள், அம்மக்கள் அந்த ஆற்றங்கரையில் எத்தனை தலைமுறை வாழ்ந்தவர்கள் என்பதையேனும் எண்ணியிருக்கலாம்.