பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்த வேதபண்டிதர்



எண்ணூரில் ஷிப்டு முடிந்து வருகிறவரானாலும் வலையோடு கிளம்புகிறவரானாலும், பல வீடுகளில் ஒரு அதிகாரம் வாசித்து ஜெபித்த பிறகுதான் அடுத்த வேலை. அப்படி வாசிக்கும் தமிழ் நமக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்று சொல்கிறேன்.

யோகான் பிலிப் பெப்ரீசியஸ் ஐயர் 1711-இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1742 முதல் சென்னையே அவருக்கு ஊர். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஐயர் நமக்கு வடக்கே டச்சுக்காரர்கள் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749-இல் சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியதும் வேப்பேரியில் ஊழியத்தைத் தொடர்ந்தார். 1758-இல் லாலியின் படை வந்தபோது வேப்பேரி கொள்ளைபோனது. மறுபடியும் பழவேற்காடுதான்.

இத்தனை அலைச்சலிலும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. முழங்காலில் நின்றே மொழிபெயர்த்தார் என்று சபையில் பெரியவர்கள் சொல்வதுண்டு. எழுதியதைத் தமிழரிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டார். 1761-இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. 1772-இல் புதிய ஏற்பாடும், 1779-இல் தமிழ்-ஆங்கில அகராதியும் வெளியாயின. ஜெர்மானியப் பாடல்கள் பலவற்றைத் தமிழில் தந்தவரும் அவரே. லுத்தரன் சபைகளில் அவற்றை இன்றும் பாடுகிறார்கள்.

பிள்ளைகளே, இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு ஜெபித்த மனிதர் பணவிஷயத்தில் ஏமாந்தார். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கடன்காரராகச் சிறைக்கும் போனார். 1788-இல் கெரிக்கே ஐயரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1791-இல் 80 வயதில் வேப்பேரியில் காலமானார். பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

அவருடைய மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்துத்தான் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு திருத்தம் செய்தது. அது 1871-இல் வெளிவந்தது. நாம் வீட்டில் வைத்திருக்கும் பழைய திருப்புதல் அதுதான்.

ஜெபம் செய்கிறவனுக்குக் கஷ்டமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐயருக்குப் போர், கொள்ளை, கடன், சிறை எல்லாம் வந்தன. ஜெபம் அவரைக் கடனிலிருந்து காக்கவில்லை. கணக்குப் பார்க்கவும், யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசிக்கவும் கடவுள் நமக்குப் புத்தியைத் தனியாகக் கொடுத்திருக்கிறார். சீட்டு, ஜாமீன் என்று கையெழுத்துப் போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓடி ஒளிந்த ஊரிலும் மறுநாள் காலையில் எழுந்து அன்றைய வேலையைத் தொடரும் பலத்தை அவருக்கு அந்த ஜெபம் தந்தது. அந்தப் பலத்தில் பிறந்த தமிழ்தான் நம் வீட்டு மேஜைமேல் இருக்கிறது.

வேலை போய்விட்டதே, மீன்பாடு இல்லையே என்று மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைகள் உங்களில் இருப்பீர்கள். நாளைக் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். பக்கத்தில் பேரப்பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். வேறு மதத்துப் பிள்ளைகள் உங்கள் வீட்டு வழக்கப்படி கும்பிடுங்கள். நாள் தவறாமல் செய்யுங்கள், அதுதான் முக்கியம்.

கர்த்தர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்