படைக்கலக் கிடங்கிலிருந்து குடிமகன் இல்லத்திற்கு: அமெரிக்க உபரித் துப்பாக்கி விற்பனையின் வரலாறு

முன்னுரை

போருக்கு முன் படைக்கலங்களைத் தேடி அலையும் அரசுகள், போர் முடிந்தபின் அவற்றை என்ன செய்வதென்று திகைக்கின்றன. உருக்கி அழித்தல், நட்பு நாடுகளுக்கு வழங்குதல், கிடங்கில் அடைத்து வைத்தல் ஆகியவை பெரும்பாலான அரசுகள் கண்ட வழிகளாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவற்றோடு நான்காவது வழி ஒன்றையும் கண்டது. தன் படையினர் ஏந்திய துப்பாக்கிகளையும் அவற்றுக்குரிய தோட்டாக்களையும் தன் குடிமக்களுக்கே விலைக்கு விற்றது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றமாகும் மலேசியச் சூழலில் வாழும் நமக்கு இது வியப்பளிக்கக்கூடும். இவ்வழக்கம் எக்காரணத்தால் தோன்றியது என்பதையும், அக்காரணம் வலுவிழந்த பின்னரும் எவ்வாறு நிலைத்தது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

தோற்றமும் நோக்கமும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) படையினர் பலர் குறி தவறிச் சுட்டமை அதிகாரிகளைக் கவலையுறச் செய்தது. இக்குறையைக் களையும் நோக்குடன் வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் ஆகிய முன்னாள் படை அதிகாரிகள் 1871இல் நியூயார்க்கில் தேசிய ரைபிள் சங்கத்தை நிறுவினர். பெரிய நிலைப்படை ஒன்றை வைத்திருக்க விரும்பாத அந்நாடு, போர்க்காலத்தில் தன்னார்வலர்களையே பெரிதும் நம்பியிருந்தது. ஆகவே, படையில் சேருமுன்னரே குடிமகன் குறிபார்த்துச் சுடக் கற்றிருக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

1903ஆம் ஆண்டில், தியோடர் ரூசவெல்ட் அதிபராக இருந்தபோது, ரைபிள் பயிற்சி மேம்பாட்டுக்கான தேசிய வாரியம் சட்டப்படி அமைக்கப்பட்டது. அவ்வாண்டே தேசியப் போட்டிகளும் நியூஜெர்சி மாநிலத்தின் சீகர்ட்டில் தொடங்கின. 1907இல் அவை ஒகையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள கேம்ப் பெர்ரிக்கு மாற்றப்பட்டன. 1905இல் இயற்றப்பட்ட சட்டம், வாரியத்தின் விதிகளை நிறைவு செய்த ரைபிள் கழகங்களுக்கு உபரித் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் அடக்க விலைக்கு விற்க இடமளித்தது. 1916இல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்வழி, குடிமக்கள் குறிசுடுதல் இயக்குநரின் அலுவலகம் இராணுவத்தில் உருவாக்கப்பட்டது.

இதே காலப்பகுதியில் இந்தியாவில் நிலவிய நிலையை இங்கு ஒப்பிட்டு நோக்குதல் தகும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்து, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. காலனித்துவ அரசு தன் குடிகளை ஐயுற்று அவர்களிடமிருந்து விலக்கி வைத்த கருவியை, அமெரிக்க அரசு தன் குடிமக்களின் கையில் தானே கொடுத்துப் பயிற்றியது. ஓர் அரசு எவரை நம்புகிறது என்னும் வினா படைக்கலச் சட்டங்கள் யாவற்றிலும் அடங்கியுள்ளது என்பதை இதனால் உணரலாம்.

எம்1 கேரண்டு

இத்திட்டத்தோடு பிரிக்கவியலாது இணைந்த பெயர் எம்1 கேரண்டு ஆகும். ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் பணியாற்றிய ஜான் கேரண்டு வடிவமைத்த இத்துப்பாக்கியை அமெரிக்க இராணுவம் 1936இல் ஏற்றுக்கொண்டது. எட்டுத் தோட்டாக்கள் செருகிய உலோகப் பிடிப்பை அப்படியே உள்ளே இட்டு, ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றாமல் அடுத்தடுத்துச் சுட இயலும். இறுதித் தோட்டா தீர்ந்ததும் வெறும் பிடிப்பு தானே வெளியே துள்ளி விழும். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் பயன்பட்ட இத்துப்பாக்கி ஐம்பது இலட்சத்துக்கும் மேலாக உற்பத்தி செய்யப்பட்டது. 1957இல் எம்14 ஏற்கப்பட்டதும் இது படிப்படியாக உபரியாயிற்று.

ஐயங்களும் வழக்கும்

1963இல் அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குப் பயன்பட்டது அஞ்சல்வழி வாங்கப்பட்ட இத்தாலிய உபரித் துப்பாக்கி. அது இத்திட்டத்தின்வழி விற்கப்பட்டதன்று. தனியார் வணிகர் விற்றது. எனினும், உபரிப் படைக்கலங்கள் குறித்த பொதுமக்களின் நோக்கு மாறியது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தனிமனிதர்கள் வெளிமாநிலங்களிலிருந்து அஞ்சல்வழித் துப்பாக்கி வாங்குவதைத் தடுத்தது.

மற்றொரு சிக்கலும் இருந்தது. அரசுத் துப்பாக்கியை வாங்க விரும்பியவர் தேசிய ரைபிள் சங்கத்தில் உறுப்பினராக இருத்தல் வேண்டும் என்பது விதி. அச்சங்கம் அரசியல் செல்வாக்குத் தேடும் அமைப்பாக மாறிவிட்ட நிலையில், அதன் கொள்கையை ஏற்காத குடிமகனும் அரசுப் பொருளைப் பெற அதற்குச் சந்தா செலுத்த நேர்ந்தது. 1979இல் கவெட் எதிர் அலெக்சாண்டர் என்னும் வழக்கில், கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் இவ்விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தை வாங்கும் தகுதியைத் தனியார் சங்கமொன்றின் உறுப்புரிமையோடு பிணைக்கக்கூடாது என்பதே இத்தீர்ப்பின் பயனாக நாம் கொள்ளத்தக்கது.

1990இல் நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் இத்திட்டத்தின் அடிப்படையையே வினவியது. இராணுவத்தின் ஆயத்த நிலைக்கு இதனால் விளையும் பயன் குறைவு என்பது அதன் முடிவு. தொலைவில் ஆள் நின்று குறிபார்த்துச் சுட்ட காலத்துக்கு உரிய திட்டம், ஏவுகணைக் காலத்தில் பொருந்துமா என்னும் ஐயம் நியாயமானதே.

1996க்குப் பின்

திட்டம் மூடப்படவில்லை, வடிவம் மாறியது. 1996இல் நிறைவேறிய சட்டம் அதனை இராணுவத்திடமிருந்து பிரித்து, இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. ஏறத்தாழ 176,000 துப்பாக்கிகளும் 146 மில்லியன் தோட்டாக்களும் அதனுடன் கைமாறின. வரிப்பணத்தால் உருவான பொருளை இலவசமாக அளிப்பதா என எதிர்ப்பாளர்கள் வினவினர். இனி ஆண்டுதோறும் அரசு நிதி வேண்டியதில்லை என்பது ஆதரவாளர்களின் வாதம்.

புதிய நிறுவனம் விற்பனை வருவாயைக் கொண்டு போட்டிகளையும் இளையோர் பயிற்சியையும் நடத்தியது. துப்பாக்கிகள், குழலின் தேய்மானத்தையும் புறத்தோற்றத்தையும் அளந்து, சர்வீஸ், ஃபீல்டு, ரேக் முதலிய தரங்களாகப் பிரிக்கப்பட்டன. இந்நிறுவனம் வகுத்த விதிகளின்படி, வாங்குவோர் குடியுரிமை, வயது, இணைக்கப்பட்ட கழகத்தில் உறுப்புரிமை, குறிசுடும் பயிற்சி ஆகியவற்றுக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. குற்றப் பின்னணிச் சோதனையும் நடைபெற்றது. இவை நிறைவேறின், துப்பாக்கி வாங்குபவரின் இல்லத்திற்கே அனுப்பப்பட்டது. பிற வணிகர்களுக்கு இல்லாத இச்சலுகையைச் சட்டமே வழங்கியிருந்தது.

டென்மார்க், கிரேக்கம் ஆகிய நாடுகளுக்குப் பனிப்போர்க் காலத்தில் வழங்கப்பட்ட கேரண்டுகளும் திரும்பி வந்து விற்பனைக்கு வந்தன. கிரேக்கத்தில் உற்பத்தியான தோட்டாக்களும் அவ்வாறே விற்கப்பட்டன. பிற்காலத்தில் பிலிப்பைன்சிலிருந்தும் பல்லாயிரம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. 2018இல் எம்1911 கைத்துப்பாக்கிகளின் விற்பனை தொடங்கியபோது, அவை உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே வழங்கப்பட்டன. மறைத்து எடுத்துச் செல்லத்தக்க கருவிக்கு அதிக எச்சரிக்கை தேவை என்னும் உணர்வு இதில் தெரிகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ஓர் உண்மை புலனாகும். நாட்டுப் பாதுகாப்புக்கெனத் தோன்றிய திட்டம், பின்னர் விளையாட்டுக்கும் இளையோர் பயிற்சிக்கும் வரலாற்றுப் பொருட்சேகரிப்புக்கும் உரியதாயிற்று. நோக்கம் மாறியும் நிறுவனம் நிலைத்தமைக்குக் கிடங்கிலிருந்த சரக்கும், அதைச் சூழ்ந்து வளர்ந்த கழகங்களும், அவற்றின் ஆதரவும் காரணமாயின. அச்சரக்கு வற்றாத ஊற்றன்று. இன்றைய படையினர் ஏந்தும் தானியங்கித் துப்பாக்கிகளைக் குடிமக்களுக்கு இவ்வாறு விற்க அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. ஆகவே, பழைய கேரண்டுகள் தீரும் நாளில், அரசு தன் குடிமகனை நம்பிப் படைக்கலத்தை ஒப்படைத்த அந்தப் பழைய உடன்பாடும் மறு ஆய்வுக்கு உள்ளாகும் எனக் கருதலாம்.