இசைத்தட்டும் பழைய கீதமும்: சொலெம் துறவிமடத்தின் ஒலிப்பதிவுகள்

ஒலி தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. ஆதலின், கல்வெட்டும் ஏடும் அரசியல் வரலாற்றுக்குத் தரும் நேரடிச் சான்று இசை வரலாற்றுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒலிப்பதிவு பரவத் தொடங்கியபின் இந்நிலை மாறிற்று. எனினும், ஒலிப்பதிவு எக்காலத்துக்குச் சான்றாகின்றது என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. பிரான்சிலுள்ள சொலெம் துறவிமடத்தாரின் இசைத்தட்டுகள் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

கிரகோரியன் கீதம் எனப்படுவது, மேற்கு ஐரோப்பியத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டில் பாடுவோர் அனைவரும் ஒரே மெட்டினை ஒருமித்து இசைக்கும் மரபாகும். தொடக்கத்தில் இது நினைவிலேயே பேணப்பட்டது. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் பாடற்சொற்களின் மேல் இடப்பட்ட குறிகள் குரலின் ஏற்றவிறக்கத்தை உணர்த்தினவேயன்றிச் சுரத்தானத்தைத் துல்லியமாகக் காட்டவில்லை. 11ஆம் நூற்றாண்டு முதல் கோடுகளின்மீது குறிகளை எழுதும் முறை பரவியதால் சுரத்தானம் தெளிவாயிற்று. ஆனால், ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் ஒலிக்கவேண்டும் என்பது தெளிவாகவில்லை. காலப்போக்கில் மெட்டுகளும் சிதைந்தன. 1614–1615இல் றோமில் வெளிவந்த பதிப்பில் அவை பெரிதும் சுருக்கப்பட்டிருந்தன.

பிரெஞ்சுப் புரட்சியால் அழிவுற்ற துறவற வாழ்வைப் புறொஸ்பர் கெறாஞ்சே 1833இல் சொலெமிலே மீண்டும் தொடக்கினார். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ற்) சபையின் ஒழுங்கைப் பின்பற்றிய இம்மடத்தில், பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்புநோக்கி மெட்டுகளை மீட்கும் பணி வளர்ந்தது. யோசப் பொத்தியேயின் பதிப்பு 1883இல் வெளியாயிற்று. 1889இல் அந்திரே மொக்கெரோ, கையெழுத்துப் பிரதிகளை நிழற்படமாகவே வெளியிடும் தொகுதிகளைத் தொடங்கினார். எவரும் மூலத்தைக் கண்டு தாமே முடிவு காண இவை வழிசெய்தன.

மெட்டுகளை மீட்பதில் உடன்பட்ட இவ்விருவரும் அவற்றின் நடையில் மாறுபட்டனர். சொற்களின் இயல்பான உச்சரிப்பே நடையை நிருணயிக்கும் என்றார் பொத்தியே. சுரங்கள் இரண்டாகவும் மூன்றாகவும் இணைந்து இயங்கும் என்பது மொக்கெரோவின் கொள்கை. அதனை விளக்கத் தனிக் குறிகளையும் அவர் வகுத்தார். 1908இல் வெளிவந்த வத்திக்கான் பதிப்பில் அக்குறிகள் இடம்பெறவில்லை. சொலெம் மடத்தார் தம் பதிப்புகளில் அவற்றைச் சேர்த்து அச்சிட்டனர்.

பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903இல் இக்கீதத்தைத் திருச்சபை இசையின் உயர்ந்த மாதிரியாக அறிவித்தார். மறு ஆண்டு றோமில் நிகழ்ந்த கிரகோரியன் மாநாட்டின்போது கிறாமபோன் கம்பனி சில பாடல்களைப் பதிவுசெய்தது. பொத்தியே, மொக்கெரோ ஆகிய இருவரும் நடத்திய பாடல்கள் அவற்றுள் அடங்கும். அவ்விசைத்தட்டுகளை ஒருங்கே கேட்போர்க்குப் புலனாவது ஒரே மரபு அன்று. முடிவுறாத ஒரு விவாதமே.

சொலெம் துறவியர் 1901இல் பிரான்சை விட்டு இங்கிலாந்தின் வைற் தீவுக்குப் பெயர்ந்து, 1922இலேயே மீண்டனர். மொக்கெரோ காலமான 1930ஆம் ஆண்டில், அவர்தம் மாணவர் யோசப் கஜார் நடத்த, மடத்தின் பாடகர்குழு தொடரான இசைத்தட்டுகளைப் பதிவுசெய்தது. மின்வழிப் பதிவின் தெளிவும் குழுவின் ஒருமையும் இவற்றுக்குப் பெருமதிப்பைத் தேடித்தந்தன. ஏட்டைக் காணாதோரும் இசைத்தட்டைக் கேட்டனர். அதனால், மொக்கெரோவின் கொள்கை வாதத்துக்குரிய ஒன்றாகவன்றி, பழைய மரபின் குரலாகவே பலர் செவிகளிற் பதிந்தது.

நிழற்படம் ஏட்டில் உள்ளதைக் காட்டியது. இசைத்தட்டோ ஏடு வெளிப்படையாகக் கூறாததையும் சேர்த்தே ஒலித்தது. பாடுவோர் ஏதேனும் ஒரு நடையைத் தெரிந்தே ஆகவேண்டும். ஐயத்தைப் பாடிக்காட்ட இயலாது. இவ்வேறுபாடே இங்கு மனங்கொள்ளற்பாலது.

இக்கொள்கையை மறுபரிசீலனை செய்தவரும் அம்மடத்தவரே என்பது குறிப்பிடத்தக்கது. எயுஜேன் கார்டீன் 1968இல் வெளியிட்ட ஆய்வு, மிகப் பழைய குறிகளின் வடிவ வேறுபாடுகள் சொல்லோடியைந்த நுண்ணிய நடை வேறுபாடுகளை உணர்த்துவன என்று காட்டியது. மொக்கெரோ தொடக்கிய நிழற்படப் பணியே அவர் கொள்கையைத் திருத்தவும் துணைநின்றது எனலாம்.

இதற்கிடையில், 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இக்கீதத்தின் முதன்மையை ஏற்றபோதிலும் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்தது. கோவில்களில் இலத்தீன் கீதம் அருகியது. 1994இல் ஸ்பெயினின் சீலோஸ் துறவிமடத்தாரின் பழைய பதிவுகள் மீண்டும் வெளியிடப்பட்டு இலட்சக்கணக்கில் விற்பனையாயின. வாங்கியோரிற் பலர் வழிபாட்டை நாடியவரல்லர், அமைதியை நாடியவர்.

எனவே, 1930ஆம் ஆண்டின் இசைத்தட்டு 9ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாகாது. 1930க்கே அது முதன்மைச் சான்று. இதனால் அதன் மதிப்புக் குன்றுவதில்லை. நாள்தோறும் பாடிவந்த ஒரு சமூகம், கிடைத்த ஏடுகளைக் கொண்டு தன் முன்னோரின் குரலை எவ்வாறு உய்த்துணர்ந்தது என்பதை அது காட்டுகின்றது. பாடுவோர் அருகிப் பதிவு மட்டும் எஞ்சும் இடங்களில், ஒரு தலைமுறையின் முடிவே மரபு முழுவதுமாகக் கொள்ளப்படும் அபாயம் உண்டு. அதனை உணர்ந்து, இசைத்தட்டையும் ஏட்டையும் அருகருகே வைத்து ஆராய்தலே வரலாற்று மாணவர் கடனாகும்.